காக்கும் குருதியும் பாதாள லிங்கமும்

உடலுக்குள் அதை ஆள்பவர் ஒருவர் உண்டா என்ற வினா, ரமண மகரிஷியின் ‘நான் யார்’ விசாரணையால் திருவண்ணாமலையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துவிட்டது. அதே வினாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் கேட்டால் அது இன்னும் கூர்மையாகிறது. ஏனெனில் செப்சிஸ் என்னும் நிலையில் நோயாளியைச் சாய்ப்பது கிருமி மட்டுமன்று, அதை எதிர்க்க எழுந்த உடலின் சொந்தக் காவலும் ஆகும்.

தொற்றுக்கு உடல் அளவு தவறி எதிர்வினை புரிவதால் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்குவதே செப்சிஸ். போதிய திரவம் ஏற்றிய பின்னும் மருந்தின் துணையின்றி இரத்த அழுத்தம் நிற்காமல், குருதியில் லாக்டேட் என்ற பொருளும் உயர்ந்திருந்தால் அது செப்டிக் அதிர்ச்சி எனப்படும். வெட்டுக்காயத்தை அடைக்க வேண்டிய உறைதல், இந்நிலையில் காயமே இல்லாத நுண்குழாய்களுக்குள் நடக்கிறது: உறைதலைத் தூண்டும் திசுக்காரணி வெளிப்பட்டு, த்ராம்பின் என்ற நொதி பெருகி, ஃபைப்ரின் இழைகள் வலை பின்ன, உறைதலுக்குக் கடிவாளமிடும் ஆன்டித்ராம்பினும் புரதம் சியும் குறைந்துபோகின்றன. இவ்வாறு நுண்குழாய்கள் அடைபடுவதும், அழுத்தம் வீழ்வதும், அழற்சியும் சேர்ந்து சிறுநீரகத்தையும் நுரையீரலையும் கல்லீரலையும் தளர்த்துகின்றன. தட்டணுக்களும் உறைதற்காரணிகளும் உள்ளேயே செலவாகிவிடுவதால், அதே நோயாளிக்கு ஊசி குத்திய இடத்தில் குருதி நிற்காமல் கசியவும் கூடும். இம்முரணை மருத்துவம் இன்னும் வெல்லவில்லை; செயலூக்கம் பெற்ற புரதம் சி 2001இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டு, பயன் உறுதிப்படாததால் 2011இல் திரும்பப் பெறப்பட்டது.

இந்நிகழ்வுகள் எவற்றிலும் ‘நான்’ என்று ஆணையிடுபவர் இல்லை. குருதி உறைவதற்கும் உறையாமல் கசிவதற்கும் நோயாளியின் இசைவு கேட்கப்படுவதில்லை. ஆகவே உடலை ஆன்மா என்று கொள்வது பிழை எனும் அத்வைதத்திற்கு இந்நோய் அரண் செய்வதாகவே தோன்றும். உடலை மாயையின் காரியமாகவும் உயிருக்கு வாய்த்த கருவியாகவும் காணும் சைவ சித்தாந்தமும் இவ்வளவில் மறுக்காது. ஆனால் உடல் நானல்ல என்பதிலிருந்து உடலைக் கைவிடலாம் என்ற முடிவுக்குத் தாவுவோர் உண்டு. அத்தாவல் தவறானது, அதற்குச் சான்று அண்ணாமலையார் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது.

1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் அங்கு வந்த வேங்கடராமன் (பின்னாளில் ரமண மகரிஷி), பின்னர் ஆயிரங்கால் மண்டபத்திலுள்ள பாதாள லிங்கக் குகையில் அமர்ந்திருந்தபோது, பூச்சிகள் அரித்த தொடைகளில் புண்ணாகிக் குருதியும் சீழும் வடிந்தன. கிருமி குருதியில் கலந்து பரவ அத்தகைய புண்ணே போதும்; ஆன்டிபயாட்டிக் மருந்துகளோ அன்று பிறக்கவில்லை, பெனிசிலின் கண்டறியப்பட்டதே 1928இல்தான். தம் உடலை அவர் அறியாதிருந்தார். துறவியான சேஷாத்ரி சுவாமிகள், கல்லெறிந்த சிறுவரிடமிருந்து அவரைக் காக்க முயன்றார். வேங்கடாசல முதலி என்பவரும் உடன் வந்தோரும் அவரைத் தூக்கி வந்து சுப்பிரமணியர் சந்நிதியருகே அமர்த்தினர். அப்போதும் அவர் கண் திறக்கவில்லை. செப்டிக் அதிர்ச்சியில் நினைவு குழம்பிக் கிடப்பவரின் நிலை சமாதி அன்று. இரண்டையும் ஒப்பிடுவது பெரும்பிழை. எனினும் தன் உடலுக்காகப் பேச இயலாத ஒருவருக்குப் பிறர் செய்ய வேண்டியது இரு இடத்திலும் ஒன்றே.

அரை நூற்றாண்டுக்குப் பின் இடக்கையில் சார்கோமா என்னும் புற்றுக்கட்டி தோன்றியபோது, உடலைப் பொருட்படுத்தாத அம்மகான், அன்பர்களும் மருத்துவர்களும் விரும்பியபடி 1949இல் நான்கு அறுவைச் சிகிச்சைகளுக்குத் தம் கையை நீட்டித் தந்தார்.