தறிக்குழியை எதில் ஏற்றுவது?

மாதச் சம்பளக்காரர் வீடு மாறினால் வேலை மாறுவதில்லை. வேலை மாறினாலும் வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பத்துக்கு இந்த வசதி கிடையாது. சமைக்கிற இடத்துக்கும் நெய்கிற இடத்துக்கும் நடுவில் அங்கே பல வீடுகளில் ஒரு சுவர்தான் இருக்கும், சில வீடுகளில் அதுவும் இருக்காது. ஆரணிக்கோ திருபுவனத்துக்கோ பெங்களூருக்கோ அப்படி ஒரு குடும்பம் கிளம்பினால் அரிசிப் பானையும் ஜக்காடு பெட்டியும் ஒரே லாரியில்தான் ஏற வேண்டும். எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்ற கேள்வி எல்லாருக்கும் உண்டு. ஆனால் வீடும் பட்டறையும் ஒன்றாக இருக்கிறவர்களுக்கு அது பிழைப்பைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. பொதுவாக இதை இரண்டு அளவை வைத்துத்தான் தீர்க்கிறோம்: ஒன்று எடை, இன்னொன்று விலை. கனமாக இருந்து மலிவாகக் கிடைப்பதை விடு, லேசாக இருந்து விலை கூடியதை எடு என்பது லாரி ஆபீஸ் கணக்கு. நெசவு வீட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது என்பது என் எண்ணம். மற்ற வீடுகளுக்கும் அவ்வளவாக உதவாது என்றே தோன்றுகிறது.

முதலில் கழற்றுகிற வேலையையே பார்ப்போம். பட்டுத்தறியில் பார்வைக்குக் கனமாகத் தெரிவது மரம்தான். நெய்த சேலையைச் சுற்றுகிற படமரம், இரு பக்கத்துக் கால்கள், குறுக்குச் சட்டங்கள், பலகை, மேலே ஜக்காடு பெட்டி, அதிலிருந்து சரமாகத் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள். இவை எல்லாவற்றையும் கழற்றி, கட்டி, ஏற்றி, மறுபடி பூட்டிவிடலாம். ஒரு கட்டை உடைந்தால் ஆசாரி இன்னொன்று செய்துகொடுப்பார். கை நடுங்கவேண்டிய இடம் அச்சும் விழுதும். நீளவாக்கில் ஓடும் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒவ்வொன்றும் விழுதின் ஒரு கண்ணிலும் அச்சின் ஒரு பல்லிடுக்கிலும் நுழைந்து வருகிறது. ஒரு பாவு நெய்து முடிந்தால் நெசவாளி எல்லா இழையையும் உருவி எறிந்துவிட மாட்டார். அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே ஒரு துண்டு வாலை விட்டுவைப்பார். புதுப் பாவு வந்ததும், பிணைக்கத் தெரிந்தவர் உட்கார்ந்து, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்டுவார். அந்த வால் அறுந்துபோனால் அத்தனை கண்ணிலும் அத்தனை பல்லிலும் முதலிலிருந்து கோக்க வேண்டும். ஆகவே விவரம் தெரிந்த வீட்டில் படமரம் லாரியின் பின்னால் கிடக்கும். அச்சும் விழுதும் துணியில் சுற்றி, யாராவது ஒருவர் மடியில் ஏறி உட்கார்ந்திருக்கும். எடைக்குப் போட்டால் ஒன்றுமில்லாத மூட்டை அது.

லாரியில் எங்கேயும் ஏற்ற முடியாத ஒன்றும் உண்டு. அதுதான் தறிக்குழி. நெசவாளி தரையின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். பாவு தரையை ஒட்டி ஓடுகிறது. மண்ணின் ஈரம் இழையை முறுகவிடாமல் பதமாக வைத்திருக்கிறது. குழியைப் புது ஊரிலும் வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லலாம். வெட்டலாம்தான். ஆனால் வீட்டுக்குச் சொந்தமில்லாவிட்டாலும், குழியைப் போலவே வீட்டை விட்டுப் பிரிக்க முடியாத வேறு சில விஷயங்கள் இருக்கின்றன. நீளமான தெரு இருக்க வேண்டும், விடியற்காலையில் பாவை நீட்டிக் கட்டி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வதற்கு. அந்த நேரத்தில் வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிற தெருக்காரர்களும் இருக்க வேண்டும். சாயம் தோய்க்கிறவர், பாவு போடுகிறவர், பிணைக்கிறவர், அட்டை அடிக்கிறவர், விழுது கட்டுகிறவர் என்று நடந்துபோகிற தூரத்தில் ஆள் வேண்டும். காஞ்சிபுரத்துச் சேலையின் கோர்வை என்பது உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக மூன்று நாடாக்களை ஓட்டி, குறுக்கே ஓடும் ஊடை இழைகளை ஒன்றோடொன்று பூட்டி நெய்வது. அதற்குத் தறியில் ஒருவரும் கரைநாடாவை வாங்கித் தர இன்னொருவரும் தேவை. முன்பு வீட்டுப் பிள்ளைகள் செய்தது (அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது); இன்று பெரும்பாலும் மனைவியோ கூலிக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரரோ செய்கிறார்கள். இவற்றில் எதுவும் சாமான் பட்டியலில் வராது. வராததாலேயே விட்டுப்போகிறது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் யார் என்று தேடினால் எதிர்பாராத ஓர் இடத்தில் விடை கிடைக்கிறது. 1734ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், கூவம் கரையில் ஒரு தோட்டத்தை எடுத்து நெசவாளர் ஊர் ஒன்றை உருவாக்கினார். இன்றைய சிந்தாதிரிப்பேட்டை அது. துணி ஏற்றுமதிக்கு ஆள் வேண்டும், அதுவும் கோட்டைக்குப் பக்கத்தில் வேண்டும் என்பதைத் தவிர வேறு எந்த நல்லெண்ணமும் கம்பெனிக்குக் கிடையாது. ஆனாலும் அங்கே யார் யார் குடியேறலாம் என்று அவர்கள் போட்ட பட்டியலைப் பாருங்கள்: நூல் நூற்பவர், நெய்பவர், துணியில் ஓவியம் தீட்டுபவர், வெளுப்பவர், சாயம் தோய்ப்பவர், வெற்றிலை விற்பவர், கோயிலுக்கு வேண்டிய பிராமணர், ஆடல் மகளிர், கோயில் பணியாளர். வீடு கட்டக் கடனும் கொடுத்தார்கள். லாபத்தை மட்டுமே பார்த்த ஒரு வியாபார நிறுவனத்துக்கு, தறியை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினால் துணி வராது என்பது விளங்கியிருந்தது. வெற்றிலைக்காரர் வரைக்கும் நகர்த்தினால்தான் நெசவாளி நகர்வார். துணிக்காகக் கோயில் ஒன்றுக்கு இடம் விட்ட கணக்கு அது. அதில் அன்பு இல்லை, ஆனால் கணக்குத் தப்பவில்லை.

இன்னும் பின்னால் போனாலும் இதே சாயலில்தான் செய்தி கிடைக்கிறது. இன்றைய மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் கி.பி. 473 வாக்கில் பொறிக்கப்பட்ட ஒரு கல்வெட்டு உண்டு. தென் குஜராத்தின் லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் குழு ஒன்று தசபுரம் என்ற அந்த ஊருக்குப் பிள்ளைகளோடும் உறவினரோடும் வந்து சேர்ந்ததை அது சொல்கிறது. வந்தவர்களில் சிலர் நெசவிலேயே இருந்தார்கள். சிலர் வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் கதை சொல்வதற்கும் போனார்கள். ஆனாலும் ஒரே குழுவாக இருந்து சூரியனுக்குக் கோயில் எழுப்பினார்கள், முப்பத்தாறு ஆண்டுக்குப் பின் அதைப் பழுதும் பார்த்தார்கள். கல்வெட்டில் தறியைப் பற்றிப் பேச்சில்லை. அதனால் தறி வரவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. கோயில் கட்டியவர்களைப் புகழ்கிற கல்வெட்டில் மிதிகட்டைக்கு என்ன வேலை? ஆனால் தொழிலை விட்டவர்கள்கூடக் குழுவை விடவில்லை என்பது கல்வெட்டிலேயே இருக்கிறது. நெடுந்தூரம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் கடைசிவரை நிலைத்தது அதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தனி ஆளாகப் போய் ஒரு தொழிலையே நட்டவர்கள் இல்லையா? உண்டு. பஞ்சாலை இயந்திரங்கள் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று இங்கிலாந்து சட்டம் வைத்திருந்தது. 1843 வரை அந்தத் தடை இருந்தது. கைத்திறன் உள்ள தொழிலாளி வெளிநாடு போகவும் 1824 வரை தடை. அப்படியிருந்தும் 1789இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் வரைபடம் ஒன்றும் இல்லாமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நினைவிலிருந்தே இயந்திரத்தை உருவாக்கி, அடுத்த ஆண்டு பாட்டக்கெட் என்ற ஊரில் நூற்பாலையை ஓட வைத்தார். மரமும் வேண்டாம், மனிதர்களும் வேண்டாம், ஒரு தலை போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் ஸ்லேட்டர் கொண்டுபோனது எப்படிப்பட்ட வேலை என்பதையும் பார்க்க வேண்டும். திறமை இயந்திரத்துக்குள் குடியேறிவிட்ட வேலை அது. ஓட்டுவதற்குச் சிறுபிள்ளைகளே போதும் என்று அவர்களைத்தான் முதலில் வைத்தார். பணத்துக்கு அங்கே முதலாளி இருந்தார், இரும்புக்கு உள்ளூர்க் கொல்லர் இருந்தனர். கோர்வையில் திறமை எந்த ஒருவர் தலையிலும் முழுதாக இல்லை. இரண்டு பேர் கைக்கு நடுவில் இருக்கிறது, தோய்ப்பவருக்கும் பிணைப்பவருக்கும் நெய்பவருக்கும் நடுவில் பங்காக இருக்கிறது. அதில் ஒரு பங்கை மட்டும் லாரியில் ஏற்றினால் போய்ச் சேருவது கால் தொழில்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நியாயமானது. இல்லாதவருக்குத் தறிதான் முதல். அதை விட்டுவிட்டுப் போ என்று சொல்ல யாருக்கு உரிமை? நான் அப்படிச் சொல்லவில்லை. எடுத்துப்போக வேண்டியதுதான். பழைய மரத்துக்கு வெறும் பாசத்தைத் தாண்டிய காரணமும் உண்டு. பல ஆண்டு காய்ந்த படமரம் வளையவேண்டிய அளவுக்கு வளைந்து முடித்திருக்கும். புது மரம் திருகினால் சேலை ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தொய்யும். தாத்தா காலத்து மரம் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அதில் பாதி அறிவு இருக்கிறது. ஆனால் தறியின் விலையைச் செலவுக் கணக்கின் தலையில் எழுதுவதுதான் தவறு. தறிமேல் ஓடுகிற பட்டும் ஜரிகையும் பெரும்பாலும் நெசவாளியுடையது அல்ல. கூட்டுறவுச் சங்கத்துடையது, அல்லது முதலாளியுடையது. ஊர் மாறினால் சங்கத்தில் உறுப்பினர் என்ற பிடி தளர்கிறது. பாவும் ஜரிகையும் தருவதற்கு அங்கே புதிதாக ஒருவர் நம்ப வேண்டும். முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தைத் தீர்க்காமல் கிளம்ப முடியாது. புது முதலாளி அதைக் கட்டி எடுத்தால் கடன் ஆள் மாறுமே தவிரக் குறையாது. (எந்த ஊருக்குப் போனாலும் கூலி கேட்காமல் கூடவே வருகிற சாமான் அது ஒன்றுதான்.) பிறகு குழி வெட்டி, தறி பூட்டி, ஆள் பிடித்து, முதல் சேலை இறங்கும் வரை கூலி இல்லாத வாரங்கள். லாரி வாடகையைவிட அந்த வாரங்கள்தான் குடும்பத்தை அதிகம் அழுத்தும்.

அப்படியானால் யாரும் இடம் மாறவே கூடாதா என்று கேட்கலாம். அது வேறு வகை மூடத்தனம். பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறுவதை இழப்பு என்று மட்டும் பேசுகிறவர்கள் குழியில் ஒருநாள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். மந்தசோரில் வில்லெடுத்தவர்களுக்கு இருந்த உரிமை இவர்களுக்கும் உண்டு. நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். தொழிலோடு குடிபெயர்கிறவர் வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, இது என்ன எடை, என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், அங்கே இதை யாரோடு சேர்ந்து பயன்படுத்துவேன் என்று கேட்க வேண்டும். பதில் இருந்தால் எவ்வளவு கனமானாலும் ஏற்றலாம். பதில் இல்லாவிட்டால் அது தறியானாலும் மர அலமாரியானாலும் புது வீட்டில் துணி காயப்போடத்தான் உதவும். வெளிநாட்டுக்குப் போகும் தமிழர்கள் மாவரைக்கிற கிரைண்டரைக் கப்பலில் அனுப்புகிறார்கள்; அது சுற்றுவதும் சும்மா கிடப்பதும் மாவு வாங்கிப்போக அக்கம்பக்கம் அமைவதைப் பொறுத்தது.

தூரம் என்பதையும் கிலோமீட்டரில் அளக்கக்கூடாது என்பதற்குக் காஞ்சிபுரத்திலேயே சாட்சி இருக்கிறது. வேகவதி ஆற்றங்கரையோரக் குடும்பங்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. ஊரை ஒட்டிய இடம்தான். ஆனால் மூன்றாவது மாடியில் குழி வெட்ட முடியாது. குழி இல்லாமல் மேடைபோட்டுத் தறியை உயர்த்தலாம் என்றால், அதன் மேல் ஜக்காடு பெட்டி ஏற வேண்டும்; கூரை இடிக்கிறது. நெய்கிற குடும்பம் ஒன்றுக்கு அந்த மாடிப்படி நூறு மைலுக்குச் சமம். ஆற்றங்கரையில் வெள்ளம் வருமே, அங்கேயே கிடக்க விடலாமா என்று அதிகாரிகள் கேட்பது நியாயம்தான். வீடு கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. சதுர அடியை மட்டும் அளந்து கொடுப்பதைத்தான் சொல்கிறேன். நெசவு வீடுகளுக்குத் தரைத்தளத்தை ஒதுக்கி, ஓர் அறையில் சிமெண்ட் போடாமல் மண்ணாக விட்டு, கூரையை இரண்டடி உயர்த்தினால் போதும். குலுக்கல் போட்டு ஆளைச் சிதறடிக்காமல், ஒரு தெருவில் இருந்தவர்களை ஒரே வரிசையில் வைத்தால், பிணைப்பவரும் தோய்ப்பவரும் தாமாகவே பக்கத்தில் வந்துவிடுவார்கள். கட்டட வரிசைகளுக்கு நடுவே பாவு நீட்ட ஒரு நீளமான சந்தும் வேண்டும். கம்பெனிக்காரன் 1734இல் லாபத்துக்காகச் செய்ததைச் செய்ய ஒரு மக்கள் அரசாங்கத்துக்குப் பெரிய செலவு ஆகாது. வரைபடம் போடும் முன் தறிக்காரரை ஒருதரம் கூப்பிட்டுக் கேட்டால் ஆகிவிடும்.