கடைசியாகத் திருப்பிய கை

கொழும்பு கிராண்ட்பாஸ் ஒழுங்கைகளில் லீவு நாளில் நடந்தால், வாசலில் மட்டையை விரித்து எஞ்சினைக் கழற்றிப் போட்டிருக்கும் யாராவது ஒருவரைக் காணலாம். பெரும்பாலும் த்ரீவீல், சில நேரம் பழைய மோட்டார் சைக்கிள். கராஜுக்குக் கொடுக்கக் காசில்லை என்பது ஒரு காரணம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தபோது 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. இடையில் ரூபாய் சரிந்தது, பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய வாகனச் சாமானின் விலையும் ஏறியது. இருக்கிற வண்டியையே ஓட்டியாக வேண்டும் என்றாகிவிட்டதால், ஸ்பேனர் பிடித்துப் பழகாத கைகளும் அதைப் பிடித்தன. போல்ட்டுகள் உடைந்தன.

போல்ட் உடைவதைக் காது அறிவதற்கு முன் கை அறிந்துவிடும். அதுவரை எதிர்த்து நின்ற இறுக்கம் சட்டென்று விட்டுப்போகும். ஸ்பேனர் சும்மா சுற்றும். பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவர் உடனே கேட்பார்: “உடைச்சிட்டியா?”

இந்தக் கேள்வியைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன் தகப்பனின் மோட்டார் சைக்கிளில் சைலன்சரைக் கழற்றப் போனான். ஹெட்டோடு சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்டட்களில் ஒன்று அடியோடு உடைந்தது. தகப்பன் ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசினார். அவன் முகம் செத்துப் போயிற்று. லேத் வேலை செய்யும் நானா ஒருவர் வந்து, உடைந்த துண்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். உடைந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. ஓர் ஓரம் மட்டும் புது வெள்ளி மாதிரி மினுங்கியது.

“இங்க பாருங்க மகன், இந்தக் கறுப்பு எப்பயோ வெடிச்சது. இண்டைக்கு உடைஞ்சது இந்த ஓரம் மட்டும்தான்.”

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு தடவை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் ஸ்டட் இழுபட்டுத் தளர்கிறது. புரியின் அடியில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுகிறது, துரு உள்ளே போகிறது, வெடிப்பு நகர்கிறது. சில உடைவுகளில் அது நகர்ந்த வழியே தெரியும், காலிமுகத்திடலில் அலை வாங்கிய மணலில் கிடக்கும் வரிகளைப் போல.

இது நேற்றுத் தெரிந்த விஷயமுமல்ல. 1842 மே 8ஆம் திகதி பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சினில் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடி ஓடி இரும்பின் தன்மையே மாறிவிடுகிறது என்று அன்று பலர் நம்பினார்கள். அடுத்த வருடமே ராங்கின் என்ற ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர், அச்சின் தடிப்பு மாறும் மூலையில் வெடிப்பு தொடங்கி மெல்ல உள்ளே போகிறது என்று எழுதினார். ஒரே தடவையில் முறிக்கப் போதாத பாரமும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் முறித்துவிடும் என்பதைப் பிறகு ஜெர்மனியில் வோலர் வருடக்கணக்காகச் சோதித்துக் காட்டினார்.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணமும் உண்டு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டிய, கொலன்னாவைப் பக்கம் வீடுகளை மூழ்கடித்தது. தண்ணீர் உள்ளே போன எஞ்சினை அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணினால், பிஸ்டன் அமுக்கினாலும் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளையும். கொஞ்சம் வளைந்தால் வண்டி ஓடும், விற்கவும் முடியும். பிறகொரு நாள் அது உடையும்போது ஹேண்டிலைப் பிடித்திருப்பவன் வெள்ளத்தைக் கண்ணாலும் கண்டிராதவனாக இருக்கலாம்.

வீடுகளிலும் இதைத்தான் பார்க்கிறேன். கூட்டுக் குடும்பம் பிரிந்தால், “எனக்கு வேற வீடு வேணும்” என்று வாய் திறந்து கேட்ட மருமகள்தான் பிரித்தவள். அதற்கு முந்திய பதினைந்து வருடச் சூட்டை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. துண்டை எறிந்துவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிறோம்.

அதற்காக எல்லா உடைவும் பழசு என்று ஆறுதல் சொல்ல வரவில்லை. நீளமான பைப்பைப் போட்டு மிதித்து இறுக்கினால் நல்ல போல்ட்டும் முறுக்கிக்கொண்டு உடையும். அதன் முகம் முழுக்க ஒரே புது நிறமாக இருக்கும். அப்போது அது அந்தக் கையின் வேலைதான், அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். துண்டைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நியாயத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. உள்ளே மாட்டிய மிச்சத் துண்டை எடுக்கிற வேலை கடைசியாகத் திருப்பிய கைக்கே வருகிறது. அதற்கு அவசரம் ஆகாது. எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊற விட வேண்டும், சூடு காட்ட வேண்டும், மெல்லத் தட்ட வேண்டும், முடிந்தால் துண்டின் தலையில் ஒரு நட்டை வெல்டிங் பண்ணி, முன்னும் பின்னுமாக அசைத்துத் திருப்ப வேண்டும். ஏச்சு வாங்கியவன் பொறுத்திருக்க மாட்டான். யாரும் வருவதற்குள் முடித்துவிடப் பார்ப்பான். கோணலாக ட்ரில் பண்ணி, மாட்டிய துண்டைத் திருப்பி எடுக்கும் ஈஸி-அவுட்டைப் போட்டு முறுக்குவான். அது கடினமாக்கிய உருக்கு, உள்ளே உடைந்தால் சாதாரண ட்ரில் அதைத் தொடாது. ஒரு ஸ்டட்டோடு போயிருக்க வேண்டியது ஹெட் வரைக்கும் போகும். அந்த இரண்டாவது உடைவில் ஏசியவருக்கும் பங்குண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அன்று அப்படி ஆகவில்லை. கறுப்பைக் கண்ட பிறகு தகப்பன் அடங்கிவிட்டார். துண்டு மறுநாள் நட்டோடு வெளியே வந்தது. மற்ற ஸ்டட்டையும் கழற்றிவிடச் சொன்னார் நானா.

“அது நல்லாத்தானே நானா இருக்கு?” என்றார் தகப்பன்.

“அதுவும் இந்தச் சூட்டிலதானே கிடந்த.”

தகப்பன் பஞ்சிகாவத்தைக்குப் போய் இரண்டு ஸ்டட் வாங்கி வந்தார். பையன்தான் பூட்டினான்.