கத்தரிக்கோல் பிடித்த கரம்

வேத வாசிப்பு: கொலோசெயர் 3:22-24, யாக்கோபு 2:1-4



ஊழியக்காரர் என்றதும் யாரை நினைக்கிறோம்? மைக் பிடித்துப் பிரசங்கிக்கிறவரை, கீபோர்டு வாசித்துப் பாடுகிறவரை நினைக்கிறோம். சீப்பும் கத்தரிக்கோலும் பிடித்து நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிற ஒருவரை ஊழியக்காரர் என்று நினைக்கிறோமா? இந்த மாதம் அப்படிப்பட்ட ஒருவருடைய நீண்ட ஆயுசை நினைவுகூர்ந்து தியானிப்போம்.

நம்ம ஊரும் நாவிதரும்

நம்ம கொங்கு நாட்டிலே நாவிதரைக் "குடிமகன்" என்று கூப்பிடுவது பெரியவங்களுக்குத் தெரியும். கவுண்டர் வீட்டுக் கல்யாணத்திலே மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் அவர்தான். அந்தக் காலத்திலே கட்டியைக் கீறி மருந்து வைத்தவரும் அவர்தான். பிரசவம் பார்த்தது அவர் வீட்டுப் பெண்கள். அதனாலேதான் அந்த ஜனங்களுக்கு மருத்துவர் என்று பேர். பிறந்த குழந்தையை முதலில் தொட்ட கரம் அது. ஆனால் பந்தியிலே அந்தக் கரத்துக்கு எங்கே இடம் கொடுத்தோம்? வாழ்த்து வேண்டும், வாழ்த்தினவர் தள்ளி நிற்க வேண்டும்! இதுதானுங்களே நம்ம ஊர் வழக்கமாக இருந்தது?

வேதமோ அந்தத் தொழிலை அற்பமாய் எண்ணவில்லை. யோசேப்பு சிறையிலிருந்து பார்வோன் முன்னே போகுமுன் சவரம் பண்ணிக்கொண்டான் (ஆதியாகமம் 41:14). எசேக்கியேல் தீர்க்கதரிசியின் கையிலே கர்த்தர் சவரகன் கத்தியைக் கொடுத்தே எருசலேமுக்கு அடையாளம் காட்டினார் (எசேக்கியேல் 5:1). நம்முடைய தலையில் எத்தனை முடி என்று பரமபிதாவிடம் கணக்கு இருக்கிறது (மத்தேயு 10:30). அவர் எண்ணி வைத்திருக்கிற ஒன்றைத் தொடுகிற வேலை அற்பமான வேலையா?

அடிமையாய் வந்தவர்

நான் சொல்ல வந்தவர் நம்ம ஊர்க்காரர் அல்ல. பேர் பியேர் டூசான். இன்றைக்கு ஹைட்டி என்கிற தீவு நாட்டிலே 1766ஆம் வருஷம் அடிமையாய்ப் பிறந்த கறுப்பர். 1787இல் எஜமான் அவரை நியூயார்க்குக்குக் கூட்டிவந்தார். அப்போது நியூயார்க் பெரிய மாநகரம் அல்ல. 1790ஆம் வருஷக் கணக்குப்படி அங்கே இருந்தவர்கள் 33,131 பேர்தான். இன்றைய பொள்ளாச்சியைவிடச் சின்ன ஊர்! அங்கே முடி அலங்காரத் தொழிலைக் கற்றுக்கொள்ள அவரை விட்டார்கள்.

பிறகு எஜமான் சொத்தைப் பார்த்து வரத் தீவுக்குப் போனார். போன இடத்திலேயே இறந்துபோனார். சொத்தெல்லாம் போயிற்று. விதவையான எஜமானி அம்மாளுக்குக் கையிலே காசில்லை. டூசானுக்கோ தொழிலிலே நல்ல வருமானம். அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் விடுதலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த வீட்டுச் செலவு முழுவதையும் தாமே சுமந்தார். அந்த அம்மாள் மனம் நோகக்கூடாது என்று வெளியே சொல்லாமலே செய்தார். 1807இல் மரணப்படுக்கையிலே அந்த அம்மாள் அவருக்கு விடுதலை கொடுத்தார்கள்.

பிரியமானவர்களே, இதைக் கேட்டு, "அடிமைத்தனம் நல்லதுதானே" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அது பாவம். மனுஷனை விலைக்கு விற்பதைத் தேவன் அருவருக்கிறார். டூசானும் அதை நல்லது என்று எண்ணவில்லை. தங்கை ரோசலியின் விடுதலைக்கும், 1811இல் தாம் மணந்த ஜூலியட்டின் விடுதலைக்கும் கத்தரிக்கோலால் சம்பாதித்த பணத்தையே கிரயமாகக் கொடுத்தார். கிரயம் கொடுத்து மீட்பது என்ன என்பது நமக்குத் தெரியுமே! சிலுவையிலே நமக்காக ஒருவர் கொடுத்தாரே, அல்லேலூயா!

காலையும் நாவும்

சலூன் வைத்திருக்கிற சகோதரர்கள் ஒரு பாரத்தைச் சொல்லுவார்கள். "ஐயா, செவ்வாய்க்கிழமைதான் கடைக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டமே வருது. ஆராதனைக்கு எப்படி வர்றது?" உண்மையான போராட்டம்தான். கேலி பண்ணாதீர்கள்.

டூசானுக்கும் ஓயாத வேலை. பணக்கார வீடுகளுக்கு நடந்தே போய் முடி அலங்காரம் செய்ய வேண்டும். ஆனாலும் முதல் வேலைக்குப் புறப்படுமுன்னே, விடியற்காலையில் தேவனுடைய வீட்டிலே இருப்பார். ஒரு வாரம், ஒரு மாதம் அல்ல, அறுபது வருஷத்துக்கும் மேலாக! அவர் ரோமன் கத்தோலிக்கர். நம்முடைய ஆராதனை முறை வேறு, உபதேசமும் வேறு. மரித்தவர்களிடத்தில் நாம் ஜெபிக்கிறதில்லை. ஆனாலும் ஒரு மனுஷனின் உண்மையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல் போனால் நஷ்டம் நமக்குத்தான்.

இன்னொன்று. முடி வெட்டுகிற நாற்காலியிலே ஊர்க்கதை எல்லாம் வந்து விழும். எந்த வீட்டில் சண்டை, யாருக்குக் கடன், யார் பெண் யாரோடு போனாள், எல்லாம் விழும். டூசான் ஒரு வீட்டுப் பேச்சை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகவே மாட்டார். கேட்டுத் துருவினவர்களிடம், என் வேலை முடி அலங்காரம், செய்தித்தாள் வேலை அல்ல என்கிற கருத்திலே சொல்லிவிடுவார். அதனாலேயே பெரிய வீட்டு அம்மாக்கள் பாரத்தை அவரிடம் இறக்கி வைத்தார்கள், ஆலோசனை கேட்டார்கள். நாவைக் காத்தவருக்கு ஜனங்கள் தங்கள் இருதயத்தைத் திறந்தார்கள்.

தடுப்பைத் தாண்டின கால்கள்

நியூயார்க்கிலே மஞ்சள் காய்ச்சல் வந்த காலம். நோய் கண்ட தெருக்களைத் தடுப்புப் போட்டு அடைத்துவிட்டார்கள். ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். டூசான் தடுப்பைத் தாண்டி உள்ளே போய், கைவிடப்பட்ட நோயாளிகளைப் பராமரித்தார். தகப்பனற்ற கறுப்பினப் பையன்களை வீட்டிலே வைத்து வளர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்தார். அனாதை இல்லத்துக்குப் பணம் திரட்டினார், அங்கே இருந்ததோ வெள்ளைக்காரப் பிள்ளைகள். தமக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. மகளாய் வளர்த்த தங்கை மகள் யூஃபமி 1829இல் காசநோயால் மரித்தாள். இருதயம் உடைந்தது, ஆனால் கரம் மூடவில்லை.

வயதான காலத்திலே, போதுமே, ஓய்ந்திருங்கள் என்றார்கள். எனக்குப் போதும், ஆனால் நான் நிறுத்திவிட்டால் மற்றவர்களுக்குக் கொடுக்கப் போதாது என்ற அர்த்தத்திலே பதில் சொன்னார். கறுப்பர்களைப் பொது வண்டியிலே ஏற்றாத காலம் அது. அதனாலே அந்த வயதிலும் நடந்தே போனார்.

வாசலிலே தடுத்தார்கள்

இப்போது கவனமாய்க் கேளுங்கள். டூசான் பணம் திரட்டிக் கொடுத்து உதவிய ஆலயங்களில் ஒன்று செயிண்ட் பாட்ரிக் ஆலயம். 1842இல் ஒருநாள் அதே ஆலயத்துக்குள் அவர் நுழைந்தபோது, உட்கார வைக்கிற ஆள் தோலின் நிறத்தைப் பார்த்துத் தடுத்துவிட்டான். பிறகு ஆலய நிர்வாகி மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். நல்லது. ஆனால் அந்த வாசலிலே நின்ற முதியவரின் மனம் எப்படி இருந்திருக்கும்? யாக்கோபு எழுதினதை அந்த ஆள் வாசிக்கவில்லையா? பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தவனுக்குப் பாதபடி. அது பாவம் என்று எழுதியிருக்கிறதே!

அமெரிக்காக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம்ம பக்கத்துக் கிராமங்களைப் பாருங்கள். ஒரு தெரு ஜனங்களுக்கு முடி வெட்ட மாட்டோம் என்று சலூன்கள் மறுத்தது உண்டு. வெட்டினால் மேல்சாதிக்காரர் வரமாட்டார்கள் என்று கடைக்காரருக்குப் பயம். இது 1955ஆம் வருஷச் சட்டப்படியே குற்றம். தேவனுடைய பார்வையிலோ அதைவிடப் பெரிய காரியம். தாழ்த்தப்பட்ட கரமே இன்னொரு தலையைத் தொட மறுக்கும்படி சாத்தான் சங்கிலி போட்டு வைத்திருக்கிறான். அந்தச் சங்கிலி ஞானஸ்நானத் தண்ணீரிலே விழ வேண்டாமா?

ஆகவே மூன்று வார்த்தை சொல்லுகிறேன்.

முதலாவது, சலூன் வைத்திருக்கிற விசுவாசிக்கு: உன் நாற்காலியிலே எந்தத் தலையும் உட்காரட்டும். அதினாலே நாலு வாடிக்கை போகும் என்றால் போகட்டும். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சபை சும்மா சொல்லிவிட்டுப் போகக்கூடாது. நாங்களே வந்து அந்த நாற்காலியிலே உட்காருவோம்.

இரண்டாவது, வாலிபருக்கு: அப்பா என்ன வேலை என்று கேட்டால், "பிசினஸ்" என்று மழுப்பாதே தம்பி. அந்தக் கத்தரிக்கோல்தான் உன்னைக் காலேஜுக்கு அனுப்பினது. தலை நிமிர்ந்து சொல்.

மூன்றாவது, சபைக்கு: அந்தச் சகோதரர் வேலை முடித்து, சட்டையிலே முடித்துணுக்கோடு, ஆராதனை பாதியிலே வந்தால் பின்வாசலைக் காட்டாதீர்கள். எழுந்து இடம் கொடுங்கள். காதுகுத்து, கல்யாண விருந்திலே பக்கத்திலே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

டூசான் 1853ஆம் வருஷம் ஜூன் 30இல், 87 வயதிலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வெள்ளையரும் கறுப்பரும், ஏழையும் பணக்காரரும் அடக்க ஆராதனைக்குத் திரண்டார்கள். 1990இல் அவருடைய எலும்புகளை எடுத்து, செயிண்ட் பாட்ரிக் பெயரிலேயே பின்னாளில் கட்டின பேராலயத்திலே, பேராயர்களை அடக்கம்பண்ணுகிற நிலவறையிலே வைத்தார்கள். குருப்பட்டம் இல்லாதவர்களில் அங்கே வைக்கப்பட்ட முதல் ஆள் அவரே. மனுஷர் வாசலிலே நிறுத்தினவரை உள்ளே கொண்டுபோய் வைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பரலோக வாசலோ அவருக்காக ஒரு நிமிஷமும் காத்திருக்க வைக்கவில்லை.

ஜெபிப்போம்: அன்பின் பரம தகப்பனே, எங்கள் கையின் வேலையை உமக்கென்று ஏற்றுக்கொள்ளும். சாதி பார்க்கிற கண்ணை எங்களிடத்திலிருந்து பிடுங்கிப்போடும். எங்கள் சபை வாசலிலே ஒருவரும் தடுக்கப்படாதபடி காத்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், எங்கள் ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.