அழிக்கப்பட்ட கப்பல்கள்

நிலக்காட்சி ஓவியத்தில் காட்டப்படும் பொருள்கள் குறையக் குறைய, காண்பவரிடம் பொருள் தேடும் அவசரம் கூடுகிறது என்பதற்கு, ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரெடெரிக் 1808க்கும் 1810க்கும் இடையில் தீட்டிய ‘கடலோரத் துறவி’ தக்க சான்றாகும். பெர்லினில் உள்ள, ஏறத்தாழ 171 செ.மீ. அகலமும் 110 செ.மீ. உயரமும் கொண்ட அவ்வோவியத்தில் வெளிறிய மணல்மேடு, கருமை படர்ந்த கடல், பரப்பில் முக்கால் பங்குக்கும் மேலாக விரியும் வானம் ஆகிய மூன்று பட்டைகளே உள்ளன. தாடையில் கை வைத்து நிற்கும் துறவியோ அருகே சென்று தேடும் அளவுக்குச் சிறியவர். இருபுறமும் மரத்தையோ பாறையையோ நிறுத்திப் பார்வையை உள்ளே அழைத்துச்செல்லும் அக்கால வழக்கம் இங்கே கைவிடப்பட்டிருப்பதால், கண் ஊன்றி நிற்க இடமின்றி வானத்தில் அலைகிறது. அந்த அலைவே இவ்வோவியத்தின் மெய்ப்பாடு, அதாவது பெயரிடப்படுவதற்கு முன்பே காண்பவரின் உடலில் தோன்றிவிடும் உணர்வு.

ஒன்றைக் காட்டி வேறொன்றை உணர்த்தும் குறியீடு இதன் பின்னரே வருகிறது. அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வில், இக்கடலில் முதலில் கப்பல்கள் இருந்ததும் ஓவியரே அவற்றைப் பின்பு மறைத்ததும் தெரியவந்தன. பிற்காலத்தில் ‘வாழ்வின் பருவங்கள்’ என்னும் ஓவியத்தில் ஐந்து மனிதர்களுக்கு இணையாக ஐந்து கப்பல்களை மிதக்கவிட்டவர் அவர் என்பதால், குறியீட்டின்மீது அவருக்கு வெறுப்பிருந்தது என்று கொள்ள இயலாது. கப்பல் இருந்திருந்தால் பயணம், நம்பிக்கை, மறுகரை என்ற பழகிய விடைகளில் கண் இளைப்பாறியிருக்கும். சிறுவயதில் அவர் தம் தம்பியை நீருக்குப் பறிகொடுத்ததை நினைவூட்டி, இக்கடல் அத்துயரமே என்று முடிவுகட்டுவதும் அழித்த கப்பலைத் திரும்ப மிதக்கவிடுவதற்கு ஒப்பாகும்.

இழப்பின்முன் நிற்பவரிடம் ‘எல்லாம் விதி’, ‘காலம் ஆற்றும்’ என்று சொல்லப்படும் ஆறுதல்களும் இத்தகைய கப்பல்களே. அவை பொய்யல்ல, ஆனால் துயரத்தை முழுதாகப் பார்ப்பதற்குள் பார்வையைத் திருப்பிவிடுகின்றன. எனினும் ஃபிரெடெரிக் கப்பல்களை வரையாமல் விட்டவரல்லர், வரைந்து பார்த்தபின் அழித்தவர் என்பது கருதத்தக்கது. பொருள் தேடுவதைத் தவிர்க்கும்படி அவ்வெறுங்கடல் கோரவில்லை. கிடைத்த பொருளைக் கடலின்மீது வைத்துப் பார்த்து, அது கடலை மறைக்குமாயின் எடுத்துவிடும் பொறுமையையே கோருகிறது.