அழிக்கும் உரிமை யாருக்கு?

சாத்தான்குளம் காவல் நிலையத்தில் 2020 ஜூன் 19 அன்று இரவு கேமராக்கள் இருந்தன. பொதுமுடக்க நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களில் உயிரிழந்தார்கள். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவருக்கு அந்த இரவின் பதிவு கிடைக்கவில்லை. ஹார்டு டிஸ்க்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது என்று அவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். இடம் போதாமல் அழிந்த பதிவல்ல அது.

பொது அலுவலகத்தின் கேமராப் பதிவு மக்களுக்குச் சொந்தமானது. யார் மீது புகார் எழக்கூடுமோ அவர் கையிலேயே அதை அழிக்கும் அதிகாரத்தை விட்டுவைப்பது அறமாகாது.

அதே ஆண்டு டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: காவல் நிலையத்தின் வாசல், லாக்கப், தாழ்வாரம் எங்கும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும், அதற்கேற்ற கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. இந்தக் கால அளவில் கருணை இருக்கிறது. அடிபட்டவர் மறுநாளே மனுவோடு வந்து நிற்பதில்லை. காயம் ஆற வேண்டும், ஜாமீன் கிடைக்க வேண்டும், பயம் தெளிய வேண்டும், வழக்கறிஞர் அமைய வேண்டும். அவர் வாய் திறக்கும் நாள்வரை சாட்சி உயிரோடு இருக்க வேண்டாமா? ஆனால் 2025 செப்டம்பரில், ராஜஸ்தானில் ஏழெட்டு மாதங்களில் 11 பேர் காவலில் இறந்ததாக வந்த செய்தியைக் கண்டு, காவல் நிலையக் கேமராக்கள் குறித்து உச்ச நீதிமன்றம் தானாகவே மீண்டும் வழக்கெடுக்க வேண்டியிருந்தது.

சான்றைக் காத்து ஆராய்வதில் நம் முன்னோர் தடுமாறியதில்லை. அன்றாடம் ஆராய்ந்து முறை செய்யாத மன்னனின் நாடு அன்றாடம் கெடும் என்று கொடுங்கோன்மை அதிகாரத்தில் எச்சரிக்கிறார் வள்ளுவர். ஒற்றாடலிலோ, ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். சான்று ஒரே கையில் இருக்கலாகாது என்பதே அதன் உட்பொருள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறிக்கிறது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்ததோ முத்து. சிலம்பு எஞ்சியிருந்ததால்தான் கோவலன் கள்வனல்லன் என்பது அவையில் நிலைநாட்டப்பட்டது. உண்மை தெரிந்த கணமே பாண்டியன் உயிர் துறந்தான். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரையும் வாரியத் தேர்தலிலிருந்து விலக்கி வைத்தது. ஓர் ஊர்ச் சபை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தனக்கு விதித்துக்கொண்ட ஒழுக்கம் அது.

தனிமனித அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதும் நியாயமே. வாக்குச்சாவடிப் பதிவுகளை 45 நாட்களுக்குப் பின், தேர்தல் வழக்கு இல்லையென்றால் அழிக்கலாம் என்று 2025 மே மாதம் தேர்தல் ஆணையம் சொன்னபோது, பதிவுகள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைக் காரணம் காட்டியது. அந்தக் கவலைக்கு மருந்து, பதிவை யார் எப்போது பார்க்கலாம் என்று கட்டுப்படுத்துவதே. பார்வையை வரையறுக்கலாம், சான்றை ஒழிக்கலாகாது.

நகராட்சி, ஊராட்சி, அரசு மருத்துவமனை, பேருந்து நிலையம் அனைத்துக்கும் எழுதப்பட்ட விதி வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நகர நிர்வாகங்கள் வழக்கமான கண்காணிப்புப் பதிவை ஓராண்டுக்குப் பிறகே அழிக்கலாம் என்று சட்டமே இருக்கிறது. இங்கும் ஓராண்டு குறைந்தபட்சமாகட்டும். புகார் வந்த நொடியே அழிப்பு நிறுத்தப்படட்டும். பிரதி ஒன்று வேறொரு துறையின் பொறுப்பில் இருக்கட்டும். பதிவு காணாமற்போனால் பொறுப்பதிகாரி பதில் சொல்லட்டும்.

அதிகாரத்தில் இருப்போரே, உங்கள் கடமையை நேர்மையாகச் செய்திருந்தால் அந்தப் பதிவே உங்களுக்குக் காவல். மக்களே, உங்கள் வரிப்பணத்தில் வாங்கிய கேமரா எத்தனை நாள் பதிவை வைத்திருக்கிறது என்று உங்கள் ஊர் அலுவலகத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகிறது. எழுத்து மூலம் பதில் வரும்வரை விடாதீர்கள்.