சமவாய்ப்பு எண்

பொறியியல் கல்லூரியில் சேர விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் கணினி பத்து இலக்க எண் ஒன்றை வழங்குகிறது. சமவாய்ப்பு எண் என்பது அதன் பெயர். 'ரேண்டம் எண்' என்றே பலரும் வழங்குகின்றனர். பெரும்பாலோருக்கு அந்த எண் ஒருபோதும் பயன்படுவதில்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண்ணில் இருவர் சமமாக நின்றால், முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் சமமானால் இயற்பியல். பின்னர் நான்காவது பாடம். அப்பால் பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்கள். அதற்கும் மேல் பிரிக்க இயலாவிட்டால் வயதில் மூத்தவருக்கு முன்னிடம். இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்களாகவும் இருந்துவிட்டால்தான் இந்த எண்ணுக்கு வேலை வரும். எவருடைய எண் பெரியதோ அவர் முன்னே நிற்பார்.

இந்தக் கடைசிப் படியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பட்டியலின் முதலிடங்களில் நிற்பவர்களின் படங்களையே செய்தித்தாள்கள் வெளியிடுகின்றன. ஆனால் ஒரு தேர்வு முறை தன் அறிவின் எல்லையைத் தானே ஒத்துக்கொள்ளும் இடம் இதுதான். இவ்விருவரில் யார் அதிகத் தகுதியுடையவர் என்று எம்மால் இனிப் பிரித்தறிய முடியவில்லை, இடமோ ஒன்றே உள்ளது என்று அங்கே அது சொல்லிவிடுகிறது. நம் கேள்வியும் அங்கிருந்தே எழுகிறது. முற்றிலும் சமமாய் நிற்பவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரிப்பது நேர்மை என்றால், 187.5 பெற்றவரையும் 187 பெற்றவரையும் பிரிக்கும் அரை மதிப்பெண் எதைக் காட்டுகிறது? உழைப்பையா, அறிவையா, தேர்வன்று காய்ச்சல் வராமல் இருந்ததையா? முந்தியவர் அந்த இடத்துக்கு 'உரியவர்' என்று நாம் சொல்லும்போது உண்மையில் எதைச் சொல்கிறோம்?

இப்படிக் கேட்பதால் தரவரிசைப் பட்டியலையே நாம் வெறுப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். பட்டியலுக்கு இந்த மதிப்பு இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். நேர்முகத் தேர்வுக்கெனத் தனி மதிப்பெண்கள் இருந்தன. சிபாரிசுக் கடிதத்துக்கும் ஒரு விலை இருந்தது. தமிழக மருத்துவக் கல்லூரிகளுக்கான தேர்வில் நேர்முக மதிப்பெண்கள் வழங்கப்பட்ட முறையை 1970இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றமே குறைகூற நேர்ந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 1997இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வைத் தொடங்கியது. கிண்டி வளாகத்துக்குத் துணிப்பையும் சான்றிதழ்க் கட்டுமாக மகனையோ மகளையோ அழைத்துவந்த கிராமத்துத் தந்தையும், காரில் வந்திறங்கிய அதிகாரியும் அங்கே ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். எண் அழைக்கப்படும்வரை எவரும் எழுந்து போக முடியாது. அந்தக் காட்சியில் இருந்த நீதி சிறியதன்று. 2007இல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. இப்போது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது.

அந்த அளவுகோலைச் சட்டமே முழுதும் நம்பிவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வெவ்வேறு வாரியங்களில் படித்தவர்களை ஒரே பட்டியலில் கொண்டுவரும்போது, ஒவ்வொரு பாடத்திலும் பிற வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணுக்கு இணையாக்குகிறார்கள். மாநில வாரியத்தில் இயற்பியலின் உச்சம் 100, வேறொரு வாரியத்தில் 90 என்றால், அங்கே 60 வாங்கியவர் இங்கே 66.67 பெற்றவராகிறார். வினாத்தாள் கடினமானது மாணவரின் குற்றமன்று என்பதே இதன் பொருள். நல்ல விதி. ஆனால் வினாத்தாளுக்கும் வினாத்தாளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்யும் இக்கணக்கு, வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பதில்லை.

தகுதியும் குலுக்கலும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பது அண்மைக் காலத்து வழக்கம். நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. நிலம், சொந்த மனை, வயது, கல்வி என்று முதலில் தகுதிகளை வரையறுத்தார்கள். தகுதி பெற்றவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். (நிலமில்லாதவனின் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே வழியில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.) திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. யூதாசு விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப வேண்டும். யோவானின் திருமுழுக்குக் காலம்தொட்டு ஆண்டவரோடு இருந்தவர் என்பதே தகுதி. அத்தகுதியுள்ள இருவரை முன்னிறுத்தி, மன்றாடிச் சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. மற்றவரான யோசேப்பு பர்சபா தகுதியில் குறைந்தவர் என்று லூக்கா ஓரிடத்திலும் எழுதவில்லை. நம் வீடுகளிலோ, விரும்பிய கல்லூரி கிடைக்காத பிள்ளையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. பர்சபாவுக்குக் கிடைத்த மரியாதை அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

இவ்விடத்தில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமையை எடுத்துக்காட்டுவது வழக்கம். நமக்கு அது இங்கே அவ்வளவு எளிதில் பொருந்துவதாகத் தோன்றவில்லை. கடைசியில் வந்தவருக்குத் தோட்டக்காரர் கொடுத்த தெனாரியம் முதலில் வந்தவரின் மடியிலிருந்து எடுக்கப்பட்டதன்று. கல்லூரி இடம் அப்படியில்லை. ஒருவருக்குக் கிடைத்தது இன்னொருவருக்கு இல்லாமற்போனது. ஆகவே தாராளம் பற்றிய உவமையைவிட, வரிசை பற்றிய கதையொன்றே நமக்கு வேண்டும். சாமுவேல் முதல் நூலில் அது இருக்கிறது. ஈசாய் தன் பிள்ளைகள் எழுவரையும் ஒருவர்பின் ஒருவராக இறைவாக்கினர் முன் நடக்கவிட்டார். எட்டாமவன் வரிசையிலேயே இல்லை. ஆடு மேய்க்கப் போயிருந்தான்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக நிற்கும் கல்வராயன் மலையில் அந்த எட்டாமவனை நாம் காணலாம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் உருவான மாவட்டம் இது. மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டு அம்மலை அரசின் நேர் நிருவாகத்துக்குள் வந்ததே 1976இல்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தபின், மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி என்று அங்கே பேசப்பட்டவை எல்லாம் சமவெளியில் பிறந்தவன் கேளாமலே பெற்றவை.

அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகள் வெள்ளிமலைப் பகுதியிலும் பிற ஊர்களிலும் உள்ளன. அங்கே படித்து ஒரு பெண் 150 மதிப்பெண்ணோடு வெளியே வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் அவளை அதன்பிறகே பார்க்கத் தொடங்குகிறது. மாநிலத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு உண்டு. ஆனால் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினர் சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணை முடிய நாளாகும். இனி விருப்பப் பட்டியல். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடப்பிரிவை முதலில் எழுதுவது, எதை இரண்டாவதாக எழுதுவது என்பதில் தவறினால், நல்ல தரவரிசை இருந்தும் நல்ல இடம் நழுவும். ஏனெனில் அவள் எழுதிய வரிசையிலேயே கணினி தேடிச்செல்கிறது. நகரத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர ஒரு சித்தப்பா இருப்பார். இவள் வீட்டிலோ பெற்றோர் மரவள்ளிக் காட்டிலோ, பிழைப்புக்காக வெளிமாநிலத்திலோ இருப்பார்கள். வயதில் மூத்தவருக்கு முன்னிடம் என்ற விதி ஒன்றுதான், தாமதமாகப் பள்ளிக்கு வந்த மலைப்பிள்ளைக்கு எண்ணாமலே செய்யப்பட்ட சிற்றுதவி போலும்!

அரசு இதனை உணராமலில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமாயிற்று. நம் திருச்சபையின் உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு அது இல்லை என்ற மனக்குறை நம்மிடம் உண்டு; நியாயமான குறைதான். அதுபோல், பழங்குடியினர் மதம் மாறினாலும் பழங்குடியினராகவே எண்ணப்பட, நம் தலித் கிறிஸ்தவ மாணவர் மட்டும் திருமுழுக்கின் காரணமாகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிட வேண்டியிருப்பதும் தீராத அநீதி. இவற்றை உரக்கச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் அந்த உரிமையோடு சேர்ந்தே இன்னொரு கணக்கும் நம் கையில் இருக்கிறது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தம் இடங்களில் 65 விழுக்காட்டைக் கலந்தாய்வுக்குத் தருகையில், சிறுபான்மையர் கல்லூரிகள் 50 விழுக்காடு தந்தால் போதும். 2006இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 93ஆவது திருத்தம் தனியார் கல்லூரிகளிலும் இடஒதுக்கீடு செய்ய அரசுக்கு வழிவிட்டபோது, சிறுபான்மை நிறுவனங்களுக்கு மட்டும் விலக்களித்தது. எனவே நம் கல்லூரிகளின் மறுபாதி இடங்களைத் தரவரிசை எண்ணோ சமவாய்ப்பு எண்ணோ நெருங்குவதில்லை. அங்கே யாரை அமர்த்துவது என்பது நம் மனச்சான்றுக்கு விடப்பட்டது. அரை மதிப்பெண்ணைக் கொண்டு உரிமை பேசுவது பொருளற்றது என்று மேலே சொன்னோம். பணத்தைக் கொண்டு பேசுவது அதனினும் பொருளற்றது. பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதமும், எந்த வீட்டுப் பிள்ளை என்ற விசாரிப்பும், நாம் 1970களில் எதிர்த்த அதே சிபாரிசின் மறுவடிவமாக இருக்கக்கூடும். மறுபாதி இடங்களில் ஒரு பங்கைக் கலந்தாய்வின் எண்ணை வைத்தே நிரப்பலாம். ஒரு பங்கை வரிசைக்கே வராதவர்களைத் தேடிச்சென்று நிரப்பலாம். இரண்டுக்கும் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. எதையும் செய்யாமல் இருப்பதற்கும் அது குறுக்கே நிற்கவில்லை என்பதுதான் இதிலுள்ள சோதனை.

எட்டாம் மகன் வரும்வரை பந்தியில் அமர்வதில்லை என்று சொல்லி, சாமுவேல் ஆளனுப்பினார். ஈசாயின் மேய்ச்சல் நிலத்துக்கு ஆளனுப்புவதைவிட, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறுவது இன்று எளிது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் மே மாதத்தில் வெளிவருகின்றன; அதையொட்டி இணையவழி விண்ணப்பம் சில வாரங்களே திறந்திருக்கும். சேவை மையங்களுக்கு மலையிலிருந்து பேருந்து பிடித்து வரவேண்டும். அந்த வாரங்களில்தான் நம் பள்ளிகளின் கணினி அறைகள் கோடை விடுமுறைக்காகப் பூட்டிக் கிடக்கின்றன.