இடம் பெயர்வதும், பெயர்க்கப்படுவதும்

பிறந்த மண்ணின் மீது மனிதனுக்குள்ள பற்று இயற்கையானது. மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையில் நம் நாயகம் (ஸல்) அவர்களின் திருவுள்ளமும் அம்மண்ணை எண்ணி வருந்தியதை நாம் அறிவோம். தீனுக்காக நிகழ்ந்த அந்தப் பயணத்தோடு வேறெதையும் ஒப்பிட நாம் துணியோம். ஆயினும், மண்ணைப் பிரியும் வேதனை என்னவென்பதை அதைக் கொண்டே உணர்கிறோம்.

இன்று கடல் சில ஊர்களை வெளியேறச் சொல்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து பூமி சூடேறுகிறது. கடல்நீர் விரிகிறது, பனிப்பாறைகள் உருகுகின்றன, கடல் மட்டம் உயர்கிறது. ஓர் ஊர் போக வேண்டியதுதான் என்றால், அந்த முடிவைச் செய்ய வேண்டியவர் யார்? இதுவே நம் முன் உள்ள கேள்வி.

பிஜித் தீவுகள் நமக்குப் புதியனவல்ல. கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் நாட்டார் கப்பலேற்றப்பட்ட இடம் அது. அங்கே வனுவா லெவு என்னும் தீவில், வுனிந்தோங்கோலோவா என்றொரு சிற்றூர். கடலுக்குத் தடுப்புச் சுவர் கட்டிப் பார்த்தனர், பயனில்லை. அலை வீட்டுக்குள் வந்தது. 2006இல் ஊரார் அரசின் உதவியை நாடினர். 2014 ஜனவரியில், சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே, தங்கள் குலத்தாருக்கே உரிய மேட்டு நிலத்தில் எழுந்த 30 வீடுகளில் குடியேறினர். மரம் ஊரார் தந்தது, பெருஞ்செலவு அரசினுடையது.

அதே வட்டாரத்தில் ராம்பி என்று ஒரு தீவு உண்டு. பசிபிக் கடலின் பனாபா தீவில் 1900 முதல் பாஸ்பேட் தோண்டிய பிரிட்டிஷார், அத்தீவு மக்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொண்டே 1942இல் ராம்பியை வாங்கினர். போர் முடிந்தபின், 1945 டிசம்பரில், அம்மக்களைத் தாயகம் திருப்பாமல் அங்கே கொண்டு இறக்கினர். புயல் காலத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கூடாரம்!

இரண்டும் இடப்பெயர்ச்சிதான். ஆனால் ஒன்றில் மக்கள் இடம் பெயர்ந்தனர், மற்றொன்றில் பெயர்க்கப்பட்டனர். பணம் அவர்களுடையதாக இருந்தும், முடிவு அவர்களுடையதாக இல்லை. மனிதனைச் சாமான்போல் எடுத்து வைப்பதற்கும், மனிதனாக மதிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

‘கடல் எப்போது வரும் என்பதை நிபுணர் அறிவார், பாமரரைக் கேட்பானேன்?’ எனச் சிலர் கேட்கலாம். தண்ணீர் எங்கே வரும் என்பதை நிபுணர் அறிவார், உண்மை. எதை இழந்தால் வாழ முடியாது என்பதை ஊரார் மட்டுமே அறிவர். பிஜி மொழியில் ‘வனுவா’ என்ற ஒரே சொல் நிலத்தையும், அதன் மக்களையும், அவர்தம் வழக்கத்தையும் சேர்த்தே குறிக்கிறது. அத்தகையோருக்கு வீடு மட்டும் கட்டித் தந்தால் போதுமா? மஷூரா செய்யாமல் எடுத்த முடிவு நல்லதாகவே இருப்பினும், அதில் ஒரு ஹக் பறிக்கப்பட்டிருக்கிறது.

இன்னும் இரண்டை நாம் மறக்கலாகாது. ஊர் முடிவு என்றால் தலைவர்களின் முடிவு மட்டுமா? பெண்களும், முதியோரும், வர மனமில்லாதவரும் ஊர்தானே? அடுத்தது, ‘முடிவு உங்களுடையது’ என்று கூறிவிட்டுச் செலவையும் அவர்கள் தலையிலேயே சுமத்துவது நீதியாகாது. உலகத்தைச் சூடேற்றிய புகையில் பிஜியின் பங்கு மிக மிக அற்பம். அங்கோ, 40க்கும் மேற்பட்ட ஊர்கள் இடம் மாற வேண்டியவையாகக் கணக்கிடப்பட்டுள்ளன. தீங்கு செய்தவர் ஒருவர், ஊரை இழப்பவர் வேறொருவர் என்றால், அதற்குப் பெயர் உதவியா, கடனா? கடன் என்றே நாம் சொல்வோம். கடன் கொடுத்தவனை யாசகனைப்போல் எட்டு ஆண்டுகள் காக்க வைப்பது அழகன்று.

நம் மஹல்லாவிலும் ஏழையின் குடிசையை ‘அவன் நன்மைக்காக’ அகற்றும் பேச்சு எழக்கூடும். அன்று நாம் முதலில் கேட்க வேண்டியது: ‘அவனைக் கேட்டீர்களா?’

பிறர் உரிமையைப் பேணும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.